அளந்தது சுருளையா, சுவரையா?

மட்டாஞ்சேரியில் ஷாஃபியின் டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பேர் பட்டறைக்குக் கல்யாணராமன் வந்தால், முதலில் அவருடைய சென்ட் வரும், பிறகு அவருடைய பெருமை வரும், கடைசியில்தான் ஆள் வருவார். ரிடையரான எஞ்சினியர், இப்போது ஆலோசகராம். அந்தச் சொல்லைக் கேட்டாலே, அங்கே சோதனைகளைக் கவனிக்கும் சுபாஷிணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுள்ளிக்கல் ஐஸ் ஃபாக்டரிக்குப் போகவேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் அது. கல்யாணராமன் தயாரித்த அறிக்கையில் சுருளின் சூடேற்றம் ஐம்பது டிகிரி. வரம்பு ஐம்பத்தைந்து. ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் மட்டும் சுபாஷிணியின் பெயர். நாளைக்கு உள்ளே கருகினால் சந்தி சிரிக்கப்போவது அந்தப் பெயர்தான்.

செம்புச் சுருள் சூடானால் மின்தடை கூடும். ஆறியிருக்கும்போது ஒரு அளவு, கூடவே அப்போது சுருள் எத்தனை டிகிரி என்ற குறிப்பு, முழு லோடில் ஓட்டிய பிறகு ஒரு அளவு. இவற்றை வைத்துச் சூட்டைக் கணக்கிடலாம். பாலிடெக்னிக் பிள்ளைக்கே தெரியும். இந்த மகானோ நேற்று, இரும்பு இழப்புச் சோதனைக்காகக் காலை முழுக்கக் கரண்டில் கிடந்ததை ஆறியது என்று அளந்துவிட்டார். எண்ணெயில் வைத்த தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. அவர் சுவரில் தொங்கியதைப் பார்த்து இருபத்தொன்பது என்று எழுதிக்கொண்டார். சொல்ல வாயெடுத்தவளைச் சாயா வாங்கிவர அனுப்பினார்.

இன்று அறிக்கையை நீட்டியபோது அவள் கேட்டேவிட்டாள். “சார், நேத்து அளந்தது சுருளையா, சுவரையா?”

“கொழந்தே, எனக்கு முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸாக்கும். பன்னெண்டு டிகிரில என்ன ஆயிடப்போறது?”

“அந்தப் பன்னெண்டு கணக்குல கடைசியில பதினாலா வரும் சார். ஐம்பதில்ல, அறுபத்திநாலு.” கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஷாஃபியைப் பார்த்துச் சிரித்தார்.

“லோரி வந்து நிக்குது மோளே,” என்றார் ஷாஃபி. “சார் சொல்றாருல்லே? ஒப்பு போட்டுக் கொடு.”

சுபாஷிணி பேனாவை எடுத்தாள். வேலை போனாலும் போகட்டும், இந்த இளிப்புக்கு என் கையெழுத்தா? தன் பெயரை அடித்தாள். மேலே ‘கல்யாணராமன்’ என்று தெளிவாக எழுதிப் பேனாவை நீட்டினாள்.

“அளந்தது சார்தானே. சாரே ஒப்பு போட்டிருங்க.”

கல்யாணராமன் பேனாவை வாங்கினார். தாளை முதல் வரியிலிருந்து படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். தொண்டையைச் செருமினார்.

“ஷாஃபி, லாரியை நாளைக்கு வரச் சொல்லுங்கோ. நன்னா ஆறட்டும். காலம்பற இன்னொருக்கா அளந்துடலாம்.”

அவள் பெயரென்றால் அத்தனை துணிச்சல் காட்டிய மனுஷன், தன் பெயர் என்றதும் வெலவெலத்துப்போனார்.