கதவு இடிக்குதுக்கா

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். வீட்டு பிளான் வரைவதில் அவள் கோடு பிசகி யாரும் பார்த்ததில்லை. அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, இனி பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று முதலில் சந்தோஷப்பட்டவளும் அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

வரைந்து அனுப்பும் பிளானைச் சரிபார்க்க ஒரு பெண் இருந்தாள். அவளும் அவள் வீட்டிலிருந்துதான் பார்ப்பாள். சரியாக இருந்தால் திரையில் ஒரு டிக் விழும், அவ்வளவுதான். தப்பு இருந்தால் மட்டுமே போன் வரும். ஒருநாள் தலைவலியோடு வரைந்ததில் குளியலறைக் கதவு பிசகிவிட்டது. அந்தப் பெண் கூப்பிட்டு, "கதவு வாஷ்பேசின்ல இடிக்குதுக்கா" என்று சிரித்தாள். சாப்பிட்டாச்சா என்றும் கேட்டாள். அந்த ஒரு வார்த்தையை ஸ்கேல் அக்கா நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

மறுநாளும் ஒரு கதவு இடித்தது. அடுத்து ஜன்னல் அலமாரிக்குள் திறந்தது. ஒழுங்காகச் செய்தால் கேட்க நாதியில்லை, தப்பாகச் செய்தால் குசலம் விசாரிக்க ஆள் வருகிறது என்றால், எந்தப் பைத்தியம் ஒழுங்காகச் செய்யும்?

திடீரென்று போன் நின்றது. கதவை எங்கே வைத்தாலும் டிக் விழுந்தது. அந்தப் பெண்ணுக்குத் தன்மேல் சலிப்பு வந்துவிட்டதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தாங்க முடியாமல், ஒரு மாடிப்படியை நேரே சுவரில் கொண்டுபோய் முட்டவிட்டாள். அதற்கும் டிக் விழுந்தது.

படி அப்படியே கட்டிடம் கட்டும் இடம் வரை போய்விட்டது. மேனேஜர் திரையில் வந்து, உங்களுக்கு வேலையில் அக்கறையே போய்விட்டது என்றார். பழைய ஆள் என்பதால் அவளுக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. தப்பைப் பார்க்காமல் விட்டவளுக்கு வேலையே போனது.

சாயங்காலம் போன் அடித்தது.

"ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் உங்க பேர்ல ஒரு தப்புன்னு பதிவாகுதுக்கா. உங்களை அனுப்பிடுவாங்களோன்னு பயந்து, நானே திருத்திட்டு டிக் போட்டேன். அந்தப் படி மட்டும் கண்ணுல படல."

ஸ்கேல் அக்கா வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னாள். உன் குரலைக் கேட்கத்தான் செய்தேன் என்று அழுதாள்.

"சும்மாவே கூப்பிட்டிருக்கலாமேக்கா. நானும் இங்க தனியாத்தான் இருக்கேன்."

மறுநாள் விடிந்ததும் ஸ்கேல் அக்காவே கூப்பிட்டாள். எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அது அந்தப் பெண்ணுக்கு அலுவலகம் கொடுத்த எண். வேலையோடு சேர்த்து அதையும் பிடுங்கியிருந்தார்கள். அவளுடைய சொந்த எண்ணைக் கேட்டு வைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு வரைந்த பிளானில் ஒரு கதவும் இடிக்கவில்லை. அனுப்பினாள். டிக் விழுந்தது.