ஃபேன் சத்தம்

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அனல் முகத்தில் அடித்தது. டிபன் கேரியர் அளவே இருந்த அந்தப் புதுக் கம்ப்யூட்டரின் குட்டி ஃபேன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் அப்பா படுத்திருந்தார்.

"சரியாச்சாடா?"

"ஆயிடும்ப்பா. கொஞ்சம் இருங்க."

அவரால் இருக்க முடியாது என்பதுதான் சிக்கல். நுரையீரல் மிச்சமில்லை என்று டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுத்த மனிதர். சொந்த மகளின் கல்யாண வீடியோ மட்டும் வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. "என் பிள்ளை கல்யாணத்துக்குள்ளயாவது குடுத்துடுங்கப்பா" என்று அக்கா கிண்டலடிப்பாள். படுக்கையில் விழுந்த பிறகுதான் அவருக்கு அது உறுத்த ஆரம்பித்தது. தன் வீடியோக் கடைக்குப் போக முடியாதவருக்காகக் கட்டிலோர ஸ்டூலில் அடங்குகிற மாதிரி ஒரு மிஷினை அவனும் அவருமாகப் பூட்டினார்கள். படுத்தபடியே எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி முடித்துவிட்டார். முழுப் படமாக வெளியே எடுப்பது மட்டும்தான் பாக்கி. அதை மகளோடு உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அக்கா சாயங்காலம் வருகிறாள்.

மிஷின்தான் மக்கர் செய்தது. வேலையைத் தொடங்கியதுமே அதன் மூளையான பிராசசரின் சூடு நூறு டிகிரியைத் தொடும். வெந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் நத்தையாக நகர்ந்து பாதியில் நின்றுவிடும். வேறு ஃபேன் மாற்றினான். ஒயர்களை ஒதுக்கிக் காற்றுக்கு வழி விட்டான். செட்டிங்ஸில் போய் என்னென்னவோ குறைத்துப் பார்த்தான். கூலரை மட்டும் தொடவில்லை. பிராசசரின் தலையில் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சும் அந்த உலோகக் கட்டியை மாட்டியது அப்பா. "குடு, இதை நான் போடுறேன்" என்று வாங்கி, நடுங்கும் கையால் திருகுகளை முடுக்கிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் கண்ணெதிரே அதைக் கழற்றினால், உங்கள் கை போய்விட்டது என்று அவரிடமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவனுக்கு மனசு வரவில்லை.

மறுபடி ஓடவிட்டான். ஃபேன் அலறியது. திரையில் ஏறிக்கொண்டிருந்த சூட்டின் அளவை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அம்மா பால் கொண்டுவந்தாள். "ஏங்க" என்றாள். மறுபடியும், "ஏங்க". டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"அதை நிறுத்துடா."

நிறுத்தினான். அறையில் மூச்சுச் சத்தம் ஒன்று குறைந்திருந்தது.

சாயங்காலம் வந்த அக்கா, அழுகை ஓய்ந்த இடைவெளியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே? கடைசியா ஏதாவது சொன்னாரா?"

இல்லை என்று தலையாட்டினான். கூப்பிட்டிருந்தால்கூட அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஸ்டூலின் முன்னால் உட்கார்ந்து கூலரைக் கழற்றினான். இனி யார் மனசும் நோகப்போவதில்லை. அதன் அடியில், புதுச் சாமான்களின் மேல் ஒட்டி வருமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. சூடு மேலே ஏற வழியே இல்லை.

இந்த வீட்டில் யாரும் அந்தத் தாளை உரித்ததில்லை. ரிமோட், ஃபிரிட்ஜ் கதவு, அப்பாவின் கைக்கடிகாரம் எல்லாமே தாளோடுதான் பழசாயின. "கிடக்கட்டும், புதுசாவே இருக்கும்" என்பார். கூலரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தவன் அவன்தான். தாள் பளபளத்தது கூட ஞாபகம் இருந்தது. அப்போது அது அவனுக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

தாளை உரித்தான். துடைத்து, சூட்டைக் கடத்த இடையில் பூசும் பேஸ்டில் மிச்சமிருந்ததைத் தடவி, அப்பா முடுக்கிய திருகுகளை முடுக்கினான். ஓடவிட்டான். சூடு அறுபதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. படம் மளமளவென்று வெளியே வந்தது. ஃபேன் சுற்றுகிறதா என்று கிட்டே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"மிஷினை நிறுத்திட்டியா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. ஓடுது."

அடுப்படியில் குழாய் சொட்டுவது கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவன் எழுந்து, நாற்காலியைக் கட்டிலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.