தலைவரம்மாவின் கையெழுத்து

"கடைசி எழுத்தோட வாலை இப்படிக் கீழ இழுத்து, ஒரு சுழி சுழிக்கணும். எத்தன தடவ சொல்றது?"

அடுப்படித் தரையில் பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, கணவர் தன் மனைவிக்கு அவளுடைய கையெழுத்தையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளும் நாற்பது தடவைக்கு மேல் எழுதிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சுழி கோணிக்கொண்டு போயிற்று.

"என் கையெழுத்து இப்படி இல்லீங்களே" என்றாள் மெல்ல.

"உன் கையெழுத்த யாரு கேட்டா? ஆபீஸ் நோட்டுல இருக்கறதுதான் கையெழுத்து. பத்தரைக்குக் கூட்டம். எழுது."

விஷயம் இதுதான். ஊரும் அரசாங்கமும் சேர்ந்து ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு குழு இருந்தது. தூர் வாருவதோ, மதகைத் திறப்பதோ, மண் எடுப்பதோ, எதுவானாலும் குழுத் தலைவரின் கையெழுத்தும் பாசனத் துறை என்ஜினீயரின் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தாக வேண்டும். தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு நல்ல மனுஷர் விதி போட்டுவிட்டார். பாவம், அவருக்கு நம் வீட்டு ஆண்களைத் தெரியாது. பம்ப்செட்டும் லாரியும் பழுது பார்க்கும் மெக்கானிக்கான இந்தக் கணவரும் தன் மனைவியின் பெயரைக் கொடுத்தார். அவள் ஜெயித்ததும் வாழ்த்த வந்தவர்கள் அவருடைய கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அன்று முதல் அவர் 'தலைவர்'. முன்னறையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவள் 'தலைவரம்மா'. அதாவது, தலைவர் வீட்டு அம்மா. இரண்டு வருஷமாகக் கூட்டத்துக்குப் போனதும் அவர்தான், அவள் பெயரைச் சுழித்து எழுதியதும் அவர்தான். குமாஸ்தா நோட்டை நீட்டுவார், இவர் போடுவார். இதில் தப்பிருப்பதாக ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

யாரோ பெயர் போடாமல் மேலே மனு எழுதிவிட்டார்கள். தலைவர் நேரில் வந்து, என்ஜினீயரின் கண்ணெதிரில் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பழைய கையெழுத்துகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. என்ஜினீயரும் ஊருக்குப் புதுசு. அதனால்தான் இந்த அவசரப் பாடம்.

அவளுக்குக் கையெழுத்தை நினைத்து மட்டும் பயம் இல்லை. இன்றைய தீர்மானம் கரையை ஒட்டி மண் எடுப்பதைப் பற்றியது. மண் காண்ட்ராக்டரின் லாரிகள் பழுதானால் வருவது இவருடைய பட்டறைக்குத்தான் என்பதால் தலைவருக்கு அதில் ஏக அக்கறை. கரைக்கு நேர் கீழே, பள்ளத்துத் தெருவில், அவர்களுடைய மகளின் வீடு இருந்தது. போன தடவை மண் எடுத்ததிலிருந்து அந்த வீட்டுப் பின்சுவர் வியர்க்க ஆரம்பித்திருந்தது. பேரக் குழந்தை படுத்திருந்த பாயைத் தூக்கிக் காட்டி, "மழையே பெய்யலம்மா, அடியில ஈரம் எங்கேர்ந்து வருது?" என்று மகள் கேட்டாள். இவள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, நம்ம பொண்ணு வீடு அதுக்கு நேர் கீழதானே இருக்கு?"

"அம்பது வருஷமா நிக்கற கரை. உன் பொண்ணுக்காகவா இப்ப வந்து விழப்போவுது? வாய மூடிட்டுச் சுழியப் போடு."

பெண் நல்லது செய்தால் என் பொண்ணு, சங்கடம் கொடுத்தால் உன் பொண்ணு. அந்தக் கணக்கு அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

பாசன ஆபீஸ் அறையில் நீள மேஜை, இரும்பு அலமாரி, முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. குழுவில் இன்னும் இரண்டு பெண் உறுப்பினர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய புருஷன்மார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்ஜினீயருக்குப் பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். கணவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் மூச்சு விடுவது அவள் கழுத்தில் பட்டது.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா" என்றார் என்ஜினீயர். எல்லாரிடமும் சொல்லும் பேச்சு அது. யாரும் படிப்பதில்லை.

அவள் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் அளவுகள் புரிந்தன. மதகுக்கு மேற்கே, கரையடியிலிருந்து ஆறடி தள்ளி, பன்னிரண்டு அடி ஆழம். தையலுக்கு இவ்வளவு ஒட்டி வெட்டினால் துணி பிரிந்துவிடும் என்று ஒரு தையல்காரிக்குத் தெரியாதா? முதுகுக்குப் பின்னால் நின்ற பயம் ஒன்று, பள்ளத்துத் தெருவில் பாயடியில் கசியும் பயம் ஒன்று. எதற்கு முதலில் பயப்படுவது?

பேனாவை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல, உருண்டை உருண்டையாக, வாலும் இல்லாமல் சுழியும் இல்லாமல் தன் பெயரை எழுதினாள்.

என்ஜினீயர் பழைய நோட்டைத் திறந்து ஒத்துப் பார்த்தார். "வேற மாதிரி இருக்கே?"

"பயந்துட்டா சார், வெளிய தெருவ வந்து பழக்கமில்ல" என்று கணவர் சிரித்தார். "இன்னொரு தாள் குடுங்க." குனிந்து அவள் காதில், "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றார்.

இன்னொரு தாள் வந்தது. அவள் மறுபடியும் அதே உருண்டை எழுத்தை எழுதினாள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க சார்."

"அப்ப நோட்டுல இருக்கறது யாரு போட்டது? தலைவர் கையெழுத்த வேற ஆள் போட்டா கிரிமினல் கேஸ். நான் போலீசுக்கு எழுதணும்."

புருஷன்மார் இருவரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரையைப் பற்றித்தான் நினைத்தாளே தவிர, போலீஸ் வரைக்கும் போகும் என்று நினைக்கவேயில்லை.

கணவர் முந்திக்கொண்டார். "சார், நான் உண்மையச் சொல்லிடறேன். இவங்க தலைவர் இல்ல சார். தலைவரோட தங்கச்சி. என் கொழுந்தியா. தலைவருக்கு நல்ல காய்ச்சல், அதான் இவங்களக் கூட்டிட்டு வந்தேன். நோட்டுல இருக்கறதெல்லாம் தலைவர் போட்டதுதான் சார்."

இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர், இரண்டு மூச்சில் அவளைக் கொழுந்தியா ஆக்கிவிட்டார். என்ஜினீயர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தாவின் உடம்பில் இருந்த சட்டையே அவள் தைத்ததுதான்.

"தங்கச்சிதான் சார்" என்றார் குமாஸ்தா. "மூஞ்சி அப்படியே அக்கா ஜாடை."

என்ஜினீயரும் விஷயம் புரியாதவர் அல்ல. அடையாள அட்டையைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உண்மையை எழுதினால் இரண்டு வருஷத் தீர்மானங்களும் செல்லாமல் போகும். ஒவ்வொரு சுழிக்குப் பக்கத்திலும் அவருடைய துறையின் கையெழுத்தும் இருந்தது. அவர் நோட்டை இழுத்து எழுதினார்: 'தலைவர் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.' தலைவர் அவருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மழை தொடங்கற நேரம். தொடங்கிட்டா மண் எடுக்கக் கூடாது. இனி மழை முடிஞ்சுதான் கூட்டம்" என்றார் என்ஜினீயர். கணவரின் முகம் தொங்கிப் போயிற்று.

இந்த மழைக்குக் கரை நிற்கும். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடுத்த தடவ உங்க அக்காவக் கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்றார் என்ஜினீயர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நோட்டுல இருக்கற மாதிரியே போடணும்னு சொல்லி அனுப்புங்க."

"வரச் சொல்றேன் சார். ஆனா அக்காவும் இப்படித்தான் போடுவா" என்றாள் அவள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட எழுதப் படிச்சவங்க."