கம்பெனி மேனிஃபோல்டு

மார்லாவின் சட்டைக் கையில் வெள்ளைத் தூள் மினுங்கியதைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மார்லா என் மனைவி. வார்ப்பு ஆலையில் வேலை. வார்த்தெடுத்த சாமான்களின் பிசிறைக் கிரைண்டர் மெஷினால் தேய்த்து எடுப்பவள். ஆனால் அந்த ஆலையில் வார்ப்பது இரும்பு. இரும்புத் தூள் கறுப்பாகப் படியும். இது அலுமினியம். அவள் அண்ணன் டேரலின் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“அங்க என்ன வேலை?” என்றேன்.

“சும்மா பேசிட்டிருந்தோம்.”

“மத்தியானம் பூராவா?”

“அண்ணன்கிட்ட பேசறதுக்கு உன்கிட்ட சீட்டு வாங்கணுமா, ராய்ஸ்?”

நான் வாயை மூடிக்கொண்டேன். மூளையை மூட முடியவில்லை.

டேரலும் நானும் டிரக் இழுப்புப் போட்டிக்காரர்கள். எங்கள் ஒஹாயோ பக்கம் கோடை முழுக்க, திருவிழா மாதிரி கூடும் சந்தைக்குச் சந்தை இது நடக்கும். டிரக்கின் பின்னால் ஒரு சறுக்குவண்டியைப் பூட்டுவார்கள். போகப் போக அதன்மேல் இருக்கும் பாரம் முன்னால் நகர்ந்து மண்ணோடு அழுத்தும். அதிக தூரம் இழுத்தவனுக்குக் கோப்பை. எங்கள் பிரிவில் என்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். முக்கியமாக மேனிஃபோல்டு, அதாவது காற்றைப் பிரித்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் அலுமினிய வார்ப்பு. அதன் குழாய்கள் உள்ளே சொரசொரவென்றுதான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து அதற்குள் கிரைண்டர் விட்டு அகலப்படுத்தி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் காற்று தாராளமாகப் போகும், என்ஜினுக்குத் தெம்பு கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிடிபட்டால் மட்டும் சங்கத்திலிருந்து ஆயுசுக்கும் வெளியே.

சின்னச் சந்தைகளில் நானும் அவ்வப்போது கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்த மாவட்டச் சந்தையில், தெரிந்த முகங்கள் உட்கார்ந்திருக்கும் மரப்படிகளுக்கு முன்னால், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அங்கே எப்போதும் டேரல்தான். எனக்கு அது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று சொல்ல வெட்கப்படவில்லை. அந்த ஒரு கோப்பை கிடைத்தால் போதும், மற்றதையெல்லாம் குப்பையில் கொட்டிவிடுவேன்.

அந்த வசந்தத்தில் என் மேனிஃபோல்டைக் கழற்றியிருந்தேன், கரி எடுக்க. சாமான்களை ஊறவைத்துக் கரி போக்கும் சுடுதொட்டி டேரலிடம்தான் இருந்தது. மார்லாதான் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தாள். திரும்பி வந்ததும் அவன் எதையாவது கீறி வைத்திருப்பானோ என்று ஒவ்வொரு துளையிலும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். விரல் எட்டிய மட்டும் கம்பெனிச் சொரசொரப்பு அப்படியே இருந்தது. அந்த அளவுக்காவது நாணயம் இருக்கிறதே என்று மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகப் பட்டது. தேவாலயத்து விருந்தில் அண்ணனும் தங்கையும் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குசுகுசுத்தார்கள். நான் போனதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் டேரலின் கொட்டகைக்கே போய்விட்டேன். அவன் வாசலிலேயே மறித்துக்கொண்டான்.

“உள்ள அலமாரி சரிஞ்சு கிடக்கு மச்சான். கால் வைக்க எடமில்ல.”

“நான் அலமாரி மேல நடக்க வரல.”

“ஒரு பீர் கொண்டாறேன், இங்கயே குடிப்போம்,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலேயே விஷயம் விளங்கிவிட்டது. என் பெண்டாட்டியின் கையை வைத்தே தன் மேனிஃபோல்டைக் குடைந்திருக்கிறான். எங்கள் வட்டாரத்தில் அந்த வேலைக்கு அவள் கைதான் கை.

மாவட்டச் சந்தை நாளும் வந்தது. டேரல் எனக்கு முன்னால் ஓட்டினான். நல்ல ஓட்டம். கடைசியில், மற்றவர்களின் என்ஜின் மூச்சுத் திணறும் அந்த இடத்தில், அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததைக் காதால் கேட்டேன். என்ஜினில் இன்னும் பலம் மிச்சம் இருந்தது. இருபது வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்கிறவன் நான். கம்பெனி என்ஜினுக்கு அந்த இடத்தில் மிச்சமே இருக்காது. போதுமான அளவுக்கு ஜெயித்துக்கொண்டு, சந்தேகம் வராதபடி நிறுத்துகிறான் என்று எனக்குப் பட்டது.

பிறகு நான் ஓட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன். பின் டயர்கள் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. டேரல் எட்டிய தூரத்தில் நட்டிருந்த கொடிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனது வண்டி.

இறங்கியதும் நேரே ஆர்டன் பீச்சியிடம் போனேன். எங்கள் சங்கத்தின் சோதனைக்காரர் அவர். கையில் பாதி தின்ற பன்றிக்கறி ரொட்டி.

“டேரலோட மேனிஃபோல்டைக் கழட்டணும்.”

“யோசிச்சுதான் கேக்கறியா?” என்றார். “அவனோடதத் தொறந்தா உன்னோடதையும் தொறப்பேன். குத்தம் சொல்றவன் முதல்ல தன் வண்டியக் காட்டணும். அதுதான நம்ம வழக்கம்?”

“தாராளமா தொறங்க. என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு?”

மார்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம் ராய்ஸ். விட்டுடு. வீட்டுக்குப் போலாம்.”

“ஏன்? உங்க அண்ணன் மாட்டிக்குவான்னு பயமா?”

“நான் சொல்றதக் கேளு, இந்த ஒரு தடவை கேளு.”

கையை உதறினேன். அவள் பயமே எனக்குச் சாட்சியாக இருந்தது. இத்தனை நாள் நான் பைத்தியக்காரன் இல்லை என்று மனசுக்குள் ஒரு கொண்டாட்டம்.

இரண்டு வண்டிகளின் பானெட்டும் திறந்தன. ஸ்பேனர்கள் வந்தன. சுற்றிலும் கூட்டம். டேரல் தன்னுடையதைத் தானே கழற்றி ஆர்டனிடம் நீட்டினான். என்னைப் பார்க்கவே இல்லை. ஆர்டன் சிறு விளக்கைக் குழாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார். ஆழம்வரை சொரசொரப்பு. மணல் அச்சிலிருந்து வந்தபடியே, கிரைண்டர் நுனிகூடப் படாத வார்ப்பு.

“இது சுத்தம்,” என்றார். “இப்ப உன்னோடது.”

விளக்கை விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. துளையோரத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குச் சொரசொரப்பு. அதற்கு அப்பால் புது எவர்சில்வர் டம்ளரின் உட்புறம் மாதிரி பளபளத்தது. அந்தக் கைவேலை யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

இதை வைத்துக்கொண்டும் ஒரு கம்பெனி என்ஜினிடம் நான் தோற்றிருக்கிறேன். அது அப்புறம்தான் உறைத்தது.

“யார் செஞ்ச வேலை இது?” ஆர்டனின் குரல் தாழ்ந்திருந்தது. “யார் செஞ்சாலும், கூட யார் நின்னாலும், எல்லாரும் வெளிய. தெரியுமில்ல?”

டேரல் வாயைத் திறந்தான். மார்லா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“நான்தான்,” என்றேன். “எங்க வீட்ல வெச்சு நானே செஞ்சேன்.”

ஆர்டன் மேனிஃபோல்டைப் பார்த்தார், என் தடித்த விரல்களைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

“அப்ப சரி. இனிமே உன் வண்டி இந்த மண்ணுக்குள்ள வரக்கூடாது, ராய்ஸ்.”

கூட்டம் கலைந்தது. யாரோ சிரித்தார்கள். டேரல் என்னருகே வந்து நின்றான், கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல.

“இன்னும் முன்னாடியே காலை எடுத்திருக்கணும் மச்சான்,” என்றான். “நீ இவ்வளவு மோசமா ஓட்டுவேன்னு நான் நெனைக்கல.”

அவன் போனபிறகு மார்லா தரையில் குந்தி போல்ட்டுகளைப் பொறுக்கி ஒரு காபி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் திட்ட ஆயிரம் வார்த்தை இருந்தது. கேட்டது இதுதான்.

“அவனக் காலை எடுக்கச் சொன்னது நீயா?”

“ஆமா.”

“மேனிஃபோல்டும்?”

“நீ இங்க ஒரு தடவை ஜெயிச்சுட்டா அப்புறமாவது வீட்ல சிரிச்ச முகமா உக்காந்து சாப்பிடுவேன்னு நெனச்சேன்.”

வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும் சின்னச் சந்தைக் கோப்பைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் டேரலும் ஓட்டிய நாட்களில் வாங்கியவை.

“எந்த வருஷத்துல இருந்து அவன் காலை எடுக்கறான், மார்லா?”

அவள் கடைசி போல்ட்டையும் போட்டு டப்பாவை மூடினாள்.

“இருட்டறதுக்குள்ள வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போகணும்,” என்றாள். “கயித்தை எடு.”