ஏழு கன்னிமாரும் ஒரு மூங்கில் கழியும்

மகாஜனங்களுக்கு ஒரு மகத்தான செய்தி! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை சூரிய உதயம் தொட்டு, கம்மாபுரம் பக்கத்திலிருந்து நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போகிறவர்களின் நெடுநாள் துயரம் தீருகிறது. பொதுநலச் செம்மல், காண்டிராக்டர் சிங்காரவேலு அவர்கள் தம் சொந்தச் செலவில் கப்பி போட்டு அமைத்திருக்கும் துரிதப் பாதை அன்று முதல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது.

மஞ்சள் காகிதத்தில் இப்படி அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நாட்டுக்கு அர்ப்பணித்த பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கழி கிடக்கும், மாட்டு வண்டி ஒன்றுக்குப் பத்து நயா பைசா கொடுத்தால்தான் அது மேலே போகும் என்கிற சின்ன விஷயம் மட்டும் நோட்டீஸின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருந்தது.

பழைய ரோடு சுரங்கத்துக்குள் போய்விட்டது. ரோடு மட்டுமல்ல, அது தொட்டுச் சென்ற மேட்டுக்கொல்லை என்கிற ஊரும் போய்விட்டது. ஊர்க்காரர்களைப் புதிதாக ஒரு காலனியில் வைத்தார்கள். இனி டவுன்ஷிப்புக்குப் போக வழி இரண்டு: ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு சேற்றில் ஒன்றரை மணி நேரம், அல்லது சிங்காரவேலுவின் கழியைத் தாண்டிக் கால் மணி நேரம்.

வீரம்மாளுக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சங்கு. காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன் அவளுடைய கத்திரிக்காய் மூட்டைகள் கேண்டீன் வாசலில் இறங்கியிருக்க வேண்டும். புருஷன் கண்ணையன் சுரங்கத்தில் காண்டிராக்ட் கூலி. என்றைக்கு வேலை, என்றைக்கு இல்லை என்பது அவனுக்கே தெரியாது. பழைய வீட்டுக்கு வந்த நஷ்டஈட்டில் ஒரு வண்டியும் இரண்டு மாடும் வாங்கி, வீரம்மாளே ஓட்டினாள். அந்த வண்டிதான் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. ஐப்பசி மழையில் ஏரிக்கரைச் சேறு வண்டியைப் பிடித்துக்கொண்டதில் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. மூன்றாவது நாள் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கேண்டீன்காரர் சொல்லிவிட்டார். கழிக்காரனுக்குக் கொடுக்கலாமென்றால், போக வரப் பத்துப் பத்தாகக் கொடுத்தபின் கத்திரிக்காயில் காம்புதான் அவளுக்கு மிஞ்சும்.

அநியாயத்தை எதிர்க்க ஆள் இல்லாமலா போய்விடும்? டவுன்ஷிப்பில் குமாஸ்தா அய்யாசாமி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சைக்கிளுக்கு இரண்டு பைசா கேட்டதில் அவருடைய தன்மானம் பஞ்சர் ஆகியிருந்தது. உடனே 'துரிதப் பாதைக் கட்டண எதிர்ப்பு மகா சங்கம்' தோன்றியது. முதல் கூட்டத்தில் அய்யாசாமி தலைவரானார். இரண்டாவது கூட்டத்தில் அதற்காக அவரைப் பாராட்டினார்கள். மூன்றாவது கூட்டத்தில் ரப்பர் ஸ்டாம்ப் வட்டமா, முட்டை வடிவமா என்று விவாதம் நடந்து, முடிவு காணாமல் கலைந்தது.

நான்காவது கூட்டத்துக்கு வீரம்மாளும் போனாள். அய்யாசாமி நோட்டீஸை உயர்த்திப் பிடித்து, பொடி எழுத்தை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கண்டனம் தெரிவித்தார்.

"கேளுங்க மகாஜனங்களே! 'அரசாங்க ஜீப், பிரேதம், இடம் மாறும் தெய்வங்கள், இவற்றுக்குக் கட்டணம் கிடையாது.' இதையும் இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்குது!"

"அத்த எதுக்குங்க கண்டிக்கிறீங்க?" என்றாள் வீரம்மாள்.

"ஒரு வரியைக் கண்டிச்சு ஒரு வரியை விட முடியாதும்மா. தீர்மானம் கோணலாப் போயிரும்."

"இன்னொரு தபா படிங்க. எது எதுக்கு இல்லன்னு?"

அய்யாசாமி படித்தார். வீரம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மேட்டுக்கொல்லையிலிருந்து பெயர்த்து வந்த ஏழு கன்னிமார் கல்லும் அவள் வீட்டுக் கொல்லையில்தான், சாக்கு போர்த்திக்கொண்டு, ஒரு வருஷமாகக் காத்திருந்தன. காலனிக்குப் பிளான் போட்டவர்கள் தெருவுக்கு இடம் விட்டார்கள், குழாய்க்கு இடம் விட்டார்கள், சாமிக்கு மறந்துவிட்டார்கள்.

மறுநாள் விடிகாலை கழியடியில் வண்டி நின்றது. கழிக்குக் காவல் பழனிவேல், அவனும் மேட்டுக்கொல்லைக்காரன்தான்.

"பத்து பைசா எடுக்கா."

"நான் இன்னாத்துக்குடா குடுக்கணும்? சாமி வந்துகினு இருக்குது, கழியத் தூக்கு."

"எங்கக்கா சாமி?"

"கத்திரிக்கா மேல குந்திகினு இருக்கா பாரு."

பழனிவேல் லாந்தரைத் தூக்கிப் பார்த்தான். மூட்டைகளின் உச்சியில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகிய கல்.

"மூத்தவளா?"

"மூத்தவதான். உனக்குப் பேரு வச்சது இவ எதிருலதான். இப்ப இவகிட்டயே துட்டு கேளு."

பழனிவேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கழி மேலே போயிற்று. சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போதே கத்திரிக்காய் கேண்டீனில் இறங்கிவிட்டது.

நான்காம் நாள் சிங்காரவேலுவே வந்து நின்றார். சில்க் ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. தெய்வத்துக்கு விலக்கு என்று எழுதச் சொன்னதே அவர்தான். நாலு பேர் மெச்சுவார்கள் என்கிற எண்ணத்தில்.

"இந்தாம்மா, சாமி எடம் மாறுதுன்னா ஒரு நாள் மாறும். தெனமுமா மாறும்?"

"காலனியில எடம் இல்லீங்க. தேடிகினு இருக்குறோம்."

"சாயங்காலம் அதே சாமி திரும்பி வருதாமே?"

"எடம் கெடைக்கலன்னா வூட்டுக்கு வராம எங்கங்க போவா, வயசுப் பொண்ணு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிங்காரவேலு கல்லைப் பார்த்தார். கல் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. விபூதி பூசிய நெற்றியில் வியர்வை ஓடி, விபூதி கரைந்தது. கழியைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலனியில் வண்டிகள் மொத்தம் ஏழு. கன்னிமாரும் ஏழு. இந்தக் கணக்கை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் கன்னிமாருக்கு ஒரு முறை உண்டு. அக்கா தங்கைகளைப் பிரிக்கக்கூடாது. மூத்தவள் முன்னே போக, இளையவள் கடைசியில் வர, இடையில் யாரும் புகாமல் ஒரே வரிசையாகத்தான் போக வேண்டும். ஆகவே தினமும் காலையில் ஏழு வண்டிகள், கத்திரிக்காய், பூசணி, விறகு, வைக்கோல் எல்லாவற்றின் மேலும் ஒவ்வொரு தெய்வமாக, ஒன்றன்பின் ஒன்றாகத் துரிதப் பாதையில் அசைந்து போயின.

பாதையோ ஒரு வண்டி அகலம். பின்னால் காசு கொடுத்து வந்த லாரிகள் ஹாரன் அடிக்கவும் தயங்கி, மாட்டு நடையில் ஊர்ந்தன. கன்னிமாரை இடித்துக்கொண்டு முந்திப்போக எந்த டிரைவருக்கும் நெஞ்சு வரவில்லை. அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். பத்தே நாளில் லாரிகள் ஏரிக்கரைச் சேறே மேல் என்று திரும்பிக்கொண்டன. அரைமணிக்கு ஒரு சைக்கிள் வந்தால் அதிகம் என்றாகிவிட்டது.

தை பிறந்ததும் சிங்காரவேலு காலனிக்கு வந்தார். கை கூப்பியபடியே பேசினார்.

"தாயே, கட்டணத்த எடுத்துட்டேன். கழியையும் எடுத்துட்டேன். பொண்ணுங்க தெனமும் இப்படி அலையறத என்னால கண்ணால பாக்க முடியல. அந்தக் கழி நின்ன எடத்துலயே குடி வச்சிடுங்க. எடம் என்னுது, மேடை கட்டற செலவும் என்னுது."

வீரம்மாளும் கை கூப்பினாள். கல்லுக்கு இடமும் கிடைத்தது, வண்டிக்கு வழியும் கிடைத்தது. ஒரு ஆள் இத்தனை சீக்கிரம் நல்லவனாகிவிட முடியுமா என்று கண்ணையன் மட்டும் கேட்டான். "நீ சும்மா கெட" என்றாள்.

குடிவைத்த அன்று அய்யாசாமி முக்கால் மணி நேரம் பேசினார். மகா சங்கத்தின் பதினோரு தீர்மானங்களின் வெற்றி என்று மேடையின் பக்கவாட்டில் ஒரு கல்வெட்டும் பதித்தார்கள். அதில் அய்யாசாமியின் பெயர் கன்னிமாரைவிடக் கொஞ்சம் உயரமாகவே இருந்தது. ரப்பர் ஸ்டாம்பும் அதற்குள் வந்துவிட்டது, முட்டை வடிவம்.

மறுநாள் விடிகாலை வீரம்மாளின் மாடுகள் பழைய பழக்கத்தில் கழி இருந்த இடத்தில் தாமாகவே நின்றன. கழி இல்லை. அதே முக்காலியில் பழனிவேல் உட்கார்ந்திருந்தான், நெற்றியில் குங்குமம், கையில் தட்டு. பின்னால் இரண்டு லாரிகள் நின்றிருந்தன. டிரைவர்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழு பெண்களும் மேடையில் வரிசையாக, புதுப் பாவாடையில் உட்கார்ந்திருந்தார்கள்; காலடியில் ஒரு புது உண்டியல். அவர்களைத் தாண்டி சும்மா போவதா? வீரம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். சுருக்குப் பையை அவிழ்த்துப் பத்து நயா பைசாவை எடுத்து உண்டியலில் போட்டுக் கும்பிட்டாள். சாயங்காலம் திரும்பி வரும்போதும் போட்டாள்.

உண்டியல் சாவி சிங்காரவேலுவிடம் இருந்தது.