பின்னால் பிடிப்பவள்

மாவு மூட்டை இறக்க வந்த வண்டி பின்வாங்கும்போது இடித்து, பேக்கரியின் முகப்புக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. தெருவில் கூடியவர்களில் அதற்காகச் சந்தோஷப்பட்டவள் ஒருத்திதான். எல்லோரும் அவளைக் குச்சி என்று கூப்பிடுவார்கள். அவள் சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு விவஸ்தை இருந்தது. வண்டிக்காரரைப் பேக்கரிக்காரர் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“அண்ணே, சாயங்காலத்துக்குள்ள புதுக் கண்ணாடி நிக்கும். நான் போடறேன்.”

“உங்கப்பா வருவாரா?”

“வேலை கேக்கறது நான்.”

பேக்கரிக்காரர் அவளுடைய கைகளைப் பார்த்தார். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதுபோல இருந்தது பார்வை. “நீ கண்ணாடியைத் தூக்குவியா, கண்ணாடி உன்னைத் தூக்குமா?”

“நிக்கலேன்னா நாளைக்கு வந்து உங்க கடை வாசலைக் கூட்டறேன்.”

“இப்போ கடை முழுக்க வாசல்தாம்மா. அளவெடு, அளவெடு.”

அவள் டேப்பை விரித்தாள். பழைய சட்டம் எதுவும் நேராக இருக்காது. மனிதரைப்போல அதுவும் வயதானால் ஒரு பக்கம் சாயும். மேலே, நடுவே, கீழே என்று எடுத்து, எது குறைவோ அதை வைத்துக்கொண்டு, கண்ணாடி மூச்சுவிட ஒரு நூல் அளவு கழித்தாள். ஏற்கெனவே செய்த வேலைதான். வேலை பார்த்த துணிக்கடை மூடியபிறகு இரண்டு வருஷமாக அப்பாவோடு கண்ணாடி சுமந்தவள் அவள். அப்பா கண்ணாடிக்காரர்.

காலம் கெட்டுக் கிடந்தது. கட்டடங்கள் பாதியில் நின்று, வெறும் தூண்களாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. அப்பாவின் முதலாளி, “நிலைமை சரியானதும் கூப்பிடறேன்” என்று சொல்லிக் கடையைப் பூட்டினார். அன்றிலிருந்து அப்பா வீட்டில் உட்கார்ந்து கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார். வெளியே போய் வேலை கேட்டால், அந்த நேரம் பார்த்து முதலாளி ஆள் அனுப்பிவிடுவார் என்று பயம். கேட்பது கௌரவக் குறைச்சல் என்றும் இருந்தது. அம்மா காய்கறிச் சந்தையில் பெட்டி இறக்குகிறவள். அங்கே அவளுக்குக் ‘கிரேன்’ என்று பெயர். குடும்பம் அந்தக் கிரேனின் முதுகில் ஓடியது.

இந்த நிலைமையில்தான் அப்பா ஒரு முடிவெடுத்திருந்தார். அடுத்த நாள் காலைப் பஸ்ஸில் குச்சி அத்தை வீட்டுக்குப் போகவேண்டும். அத்தைக்குச் சின்னக் குழந்தைகள். பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கட்டும், காலம் திரும்பினதும் வரட்டும். அத்தை நல்லவள். சிக்கலே அதுதான். கெட்டவள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்வது சுலபம். அங்கே வயிறு நிறையச் சோறு கிடைக்கும், பாசமும் கிடைக்கும், “எங்கண்ணன் பொண்ணு” என்று நாலு பேரிடம் காட்டுவாள். அண்ணன் பொண்ணு என்பதற்கு மேல் அவள் என்ன என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. காலம் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் தான் யார் என்பது அவளுக்கே மறந்துபோகலாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேராகவே சொன்னாள்.

“பேக்கரி வேலை பிடிச்சிருக்கேன். சந்துல நிக்கிற கண்ணாடியில ஒண்ணை வெட்டறேன்.”

வீட்டுப் பக்கச் சந்தில் இரண்டு பெரிய கண்ணாடிகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. கடைசியாகச் செய்த வேலைக்குக் கூலி தரமுடியாத ஒரு கட்டடக்காரர், கூலிக்குப் பதிலாகத் தள்ளிவிட்டவை.

“முதலாளிக்குத் தெரிஞ்சா? நாம தனியா வேலை எடுக்கறோம்னு நினைக்கமாட்டாரா?”

“நினைக்கட்டும்பா. தனியாத்தானே எடுக்கறேன்.”

“நாளைக்கு ஊருக்குப் போறவளுக்கு இன்னிக்கு என்னடி வேலை?”

“அதைத்தான் பேச வந்தேன். சாயங்காலம் கண்ணாடி நின்னா நான் போகலை. நிக்கலேன்னா காலையில பஸ்ல ஏறிடறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

அப்பா யோசித்தார். மகள் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. “சரி” என்றார்.

அவளே வெட்டினாள். கட்டரை ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். கர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. அப்பா பக்கத்தில் நின்று வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “கையுறையைப் போடு” என்றார். போட்டிருந்தாள்.

“நான் பின்னால பிடிக்கறேன்பா” என்றாள் குச்சி.

கண்ணாடி சுமப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. கண்ணாடியை நிமிர்த்தி, இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்து நடக்கிறார்கள். முன்னால் போகிறவருக்குப் பாதை தெரியும், தன் முதுகுக்குப் பின்னால் வரும் கண்ணாடி தெரியாது. பின்னால் வருகிறவருக்கு இரண்டும் தெரியும். ஆகவே பின்னால் பிடிப்பவர்தான் பேசவேண்டும். முன்னால் போகிறவர் கேட்கவேண்டும், அவ்வளவுதான். அப்பா தொழிலுக்கு வந்த சில வருஷத்திலேயே பின்னால் போய்விட்டவர். பிறகு முன்னால் வரவே இல்லை.

“நீ பின்னாலயா?” அவர் சிரித்தார். “நானும் பார்க்கறேன்.”

தூக்கினார்கள். முதல் தெரு சுமுகமாகக் கழிந்தது. “மெல்ல… பள்ளம்… இடது” என்று அவள் சொல்லச் சொல்ல அப்பா நடந்தார். காற்று லேசாக அடித்தபோது, “நில்லுங்க” என்றாள், நின்றார். தன் குரலுக்கு அப்பாவின் முதுகு நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

முனை திரும்பும் இடத்தில் எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. அவள் பார்த்தாள். நின்றால் போதும், வண்டி கடந்துவிடும். வலது பக்கச் சுவரில், அப்பா தாண்டிப்போன இடத்தில், மழைத்தண்ணிக் குழாய், அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். ‘நில்லுங்க’ என்று வாய் எடுக்கும்போது முன்னாலிருந்து அப்பா கத்தினார்.

“வலது! வலது ஒதுங்கு!”

அவளுடைய கால் ஒதுங்கியது.

இரும்புப் பட்டை கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டது, தொடத்தான் செய்தது. ‘டிக்’ என்று சத்தம், மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது. விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக்கூடாது என்பது சுமப்பவர்களின் எலும்பில் ஊறியது. இருவரும் கையை விட்டுவிட்டுப் பின்னால் தாவினார்கள். தெரு முழுக்கக் கண்ணாடி. தள்ளுவண்டிக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “நான் ஒண்ணும் பண்ணலைப்பா” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

“பார்த்தியா” என்றார் அப்பா.

“பார்த்தேன். குழாயை நான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாது. நீங்க ஏன் கத்தினீங்க?”

“வாயில வந்துடுச்சு. இத்தனை வருஷப் பழக்கம்.” அவர் கையுறையைக் கழற்றினார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. “நான் கத்தினது தப்பு. சரி. நீதான் பார்த்துட்டியே, அப்புறம் ஏன் நான் சொன்னதைக் கேட்டே?”

குச்சி குனிந்து தன் காலைப் பார்த்தாள். எந்த விஷயத்துக்கும் அவளிடம் பதில் இருக்கும். நாக்கு மட்டும் குச்சி இல்லை, உலக்கை என்று அம்மாவே சொல்வாள். இதற்கு இல்லை. தெரிந்தே ஒதுங்கியிருக்கிறாள். அப்பா சொன்னால் கால் தானாக ஒதுங்குகிறது, கண் என்ன பார்த்தாலும் சரி. இந்தக் கால் நாளைக்கு யார் கத்தினாலும் ஒதுங்கும். அப்பாவின் சத்தம், அத்தையின் சத்தம், அதற்குப் பிறகு வேறு யாராவது ஒருவரின் சத்தம்.

விளக்குமாறு வாங்கிவந்து ஒரு துண்டு விடாமல் கூட்டி அள்ளினாள். அப்பா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவள் தெருவிலேயே நின்று போனில் அத்தையைக் கூப்பிட்டாள்.

“அத்தை, நான் நாளைக்கு வரலை.”

“ஏண்டி, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. இங்க வேலை செய்யப்போறேன்.”

“என்ன வேலை? கிடைச்சிடுச்சா?”

“இப்பத்தான் ஒரு கண்ணாடியை உடைச்சேன். இன்னொண்ணு இருக்கு. அதுவும் உடைஞ்சாலும் நான் வரலை. உங்க மேல கோபம் கீபம் இல்லை.”

அத்தை திட்ட ஆரம்பித்தாள். குச்சி முழுவதையும் கேட்டாள், நடுவில் போனை வைக்கவில்லை. அது ஒரு மரியாதை.

வீட்டில் அப்பா பக்கச் சந்தின் வாயை மறித்துக்கொண்டு நின்றார். “மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதைத் தொடாதே.”

“ரெண்டு கண்ணாடியும் ரெண்டு பேர் கூலிதானே? அந்த வேலையில முன்னால நான் சுமந்தேன், பின்னால நீங்க சுமந்தீங்க. உடைஞ்சது உங்க பங்கு. இது என் பங்கு.”

இப்படி ஒரு கணக்கை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. வழிவிட்டார் என்று சொல்லமுடியாது. யோசிப்பதற்காகச் சற்று நகர்ந்தார், அவள் உள்ளே போய்விட்டாள்.

மதியம் சந்தை முடிந்து அம்மா வந்தபோது கண்ணாடி வெட்டித் தயாராக இருந்தது.

“அம்மா, முன்னால பிடிக்கறியா?”

“சோறு தின்னுட்டா, தின்னாமலா?”

“தின்னுட்டு.”

“அப்போ சரி.”

அம்மாவிடம் ஒரு கஷ்டம் இருந்தது. வலிமைக்குக் குறைவில்லை, கண்ணாடி அவள் கையில் அட்டைபோல எழுந்தது. வாய்தான். தூக்கின கணத்திலிருந்து பேசினாள். “இது என்னடி வெயிட்டு, தக்காளிப் பெட்டி இதைவிட… அந்த மருந்துக்கடைக்காரன் பார்க்கறான் பாரு, கண்ணு வைக்கப்போறான்… உங்கப்பாவைப் பார்த்தியா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு…”

“அம்மா, வாயை மூடு!”

அம்மா நின்றேவிட்டாள். “என்னது?”

“தெருமுனை வந்துடுச்சு. இங்க நான் மட்டும்தான் பேசுவேன். நில்லுன்னா நில்லு. நான் சொல்லாம ஒரு அடி எடுக்காதே. யார் கத்தினாலும் எடுக்காதே.”

“சந்தையில மேஸ்திரிகூட என்னை இப்படிப் பேசினதில்லை” என்றாள் அம்மா. ஆனால் வாயை மூடினாள்.

முனையில் பின்னாலிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ, “ஓரம் போங்க, ஓரம் போங்க!” என்றார்கள். சும்மா நிற்பவர்களுக்கு யோசனை சொல்வதில் என்ன செலவு? காற்று கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது. குச்சியின் வலதுகால் எழுந்தது. அவள் அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

“நில்லு.”

அம்மா நின்றாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மாடி கத்திக்கொண்டே இருந்தது. காற்று ஓய்ந்தது. குழாய்க்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று குச்சி நிதானமாகப் பார்த்தாள்.

“இப்போ இடது. சின்ன அடி. இன்னும் கொஞ்சம். நேரா போ.”

வெயில் சாய்வதற்குள் கண்ணாடி சட்டத்தில் நின்றது. கீழே ரப்பர் கட்டை கொடுத்து, நாலு பக்கமும் மெல்லிய பீடிங் சட்டம் அடித்து, ஓரத்தில் பட்டி பூசி, ஈரத்துணியால் துடைத்தாள். பேக்கரிக்காரர் உள்ளிருந்து வெளியே பார்த்தார், வெளியே வந்து உள்ளே பார்த்தார். “இருக்கா இல்லையான்னே தெரியலையேம்மா” என்றார். கண்ணாடிக்கு இதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது.

அப்பா வந்தார். எப்போதிலிருந்து எதிர்ப்பக்கம் நின்றார் என்று தெரியவில்லை. கண்ணாடியின் நாலு மூலையையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நின்னுடுச்சு” என்றார் கடைசியில். “பேச்சுன்னா பேச்சு. நீ போகவேணாம். உங்க அத்தைகிட்ட ராத்திரி நான் சொல்லிக்கறேன்.”

“நான் சொல்லியாச்சுப்பா.”

“எப்போ?”

“முதல் கண்ணாடி உடைஞ்சதும்.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “இது நிக்காம போயிருந்தா?”

“அப்பவும் போகலைன்னுதான் சொன்னேன்.”

“அப்போ காலையில பேசின பேச்சு?”

“காலையில தெரியாம பேசிட்டேன். நான் எங்க இருக்கணும்னு ஒரு கண்ணாடியை வச்சா முடிவு பண்றது? உடைஞ்சா இன்னொரு வேலை தேடியிருப்பேன்.”

அப்பாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வந்தது, அம்மா பக்கத்தில் நின்று பன் தின்றுகொண்டிருந்ததால் பாதியிலேயே இறங்கிவிட்டது. “உங்க அத்தை என்ன சொன்னா?” என்று கேட்டார்.

“‘அப்படியே உங்கப்பன் பிடிவாதம்’னு திட்டினாங்க. அப்புறம் அவங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒண்ணு விரிசல் விட்டுக் கிடக்காம். அளவு எப்படி எடுக்கிறதுன்னு கேட்டாங்க.”

அம்மா வாயில் பன்னோடு சிரித்தாள்.

“சரி, நடந்தது நடந்துடுச்சு” என்றார் அப்பா, குரலைச் சரிசெய்துகொண்டு. “நாளையிலிருந்து ஒழுங்கா செய்வோம். நான் வேலை பேசறேன், நீ என்கூட முன்னால பிடி. பழையபடி.”

“மருந்துக்கடைக்காரர் கதவுக் கண்ணாடி மாத்தணும்னு கேட்டிருக்கார். நான்தான் பேசினேன். அதுல நான் பின்னால, நீங்க முன்னால. நீங்க பிடிக்கிற வேலையில நீங்க பின்னால, நான் முன்னால. எனக்குச் சம்மதம்.”

“நான் முன்னால போகமாட்டேன்.”

“அப்போ அம்மா வருவாங்க.”

“நான் எப்போடி வரேன்னு சொன்னேன்?” என்றாள் அம்மா. “என்னைக் கேட்டியா? வாயை மூடுன்னு தெருவுல சொல்லுவே, நான் வரணுமா? கேளு. ஒழுங்கா கேளு.”

குச்சி கேட்டாள். அம்மா யோசிக்கிறேன் என்றாள்.

மறுநாள் காலை அத்தை ஊர்ப் பஸ் போகிற சத்தம் கேட்டபோது குச்சி மருந்துக்கடை வாசலில் டேப்போடு நின்றிருந்தாள். அந்த வழியாக அப்பா வந்தார். சலவைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். நிற்கவில்லை.

“எங்கப்பா?”

“புதுப் பள்ளிக்கூடத்துல ஜன்னல் வேலை இருக்காம். கேட்டுப் பார்க்கப்போறேன்” என்றார். நாலு அடி போனவர் திரும்பினார். “கிடைச்சா முன்னால பிடிக்க ஆள் வேணும்.”

“கேளுங்க, யோசிக்கறேன்” என்றாள் குச்சி. கதவின் நடு அளவை எடுக்கக் குனிந்தாள்.