ஜன்னல்காரிக்குக் கொடுத்த சோளம்

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்புறம் இரண்டு பட்டிகள். ஒன்றில் இருந்த செம்மறிகளுக்குக் காய்ந்த புல் மட்டும். மற்றதில் புல்லோடு உடைத்த மக்காச்சோளமும் உண்டு. இரண்டுக்கும் தீனி வைப்பது அவள் வேலை. அதே கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அண்ணிதான் அவளைச் சேர்த்துவிட்டாள்.

"இவ வாயத் திறந்தா அன்னைக்கு மழை கொட்டும் டாக்டரம்மா. சரியான ஊமைக்கோட்டான். ஆட்டுக்கு இது போதும்ல?"

"பேசுற ஆளுங்கதான் இங்க தொல்லை," என்று சிரித்தாள் அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா.

புல் பட்டியில் ஒரு பெட்டை ஆட்டுக்கு விலாவில் வட்டமாகத் திறப்பு வைத்து ரப்பர் மூடி போட்டிருந்தது. மூடியைக் கழற்றினால் கை நேரே முதல் வயிற்றுக்குள் போகும். ஆடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அவள் அதற்கு ஜன்னல்காரி என்று பெயர் வைத்திருந்தாள். அதன் பெண் குட்டியும் அதே பட்டியில்தான் இருந்தது.

டாக்டரம்மா அவ்வப்போது அந்த வயிற்றைக் காலி செய்து அலசி, உப்பும் கொழுப்பு அமிலமும் அளந்து கலந்த தண்ணீரை உள்ளே ஊற்றுவாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து, இரண்டும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். குறைந்ததெல்லாம் வயிற்றின் உள்சுவர் குடித்தது.

"ஆடு திங்கிறது என்னவோ புல்லுதான். அது உள்ள புளிச்சு அமிலமாகும். அந்த அமிலத்துலதான் ஆட்டோட பொழப்பே ஓடுது," என்று ஒருநாள் அவளிடம் சொன்னாள். "சோளம் போட்டா அமிலம் நிறைய ஊறும். அத்தனையும் குடிக்கணும்ல? அதுக்காகச் சுவர்ல மொட்டு மொட்டா வளரும். வெறும் புல்லுன்னா அவ்வளவு வளராது."

அவள் தலையை ஆட்டினாள். காதில் வாங்கினாளே தவிர மனசில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பட்டியில் சோளம் கொட்டும் சத்தம் கேட்டால் ஜன்னல்காரி கம்பிக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். அண்ணன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியைப் பார்க்கிறவளுக்கு அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் மேலங்கிப் பையில் ஒரு பிடி அள்ளிவந்து நீட்டினாள். போகப்போக இரண்டு பையும் நிரம்பின. காலையும் மாலையும், மாதக்கணக்கில். பையைத் தட்டினால் போதும், ஜன்னல்காரி ஓடிவரும்.

டாக்டரம்மாவுக்குத் தலை சுற்றியது. புல் தின்கிற ஆட்டின் வயிறு சோளம் தின்கிற ஆட்டைப் போல உப்பையும் அமிலத்தையும் குடித்துத் தள்ளியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் அதேதான்.

"இதுக்குப் புல்லத் தவிர வேற எதுவும் போடலையே?" என்று அவளைக் கேட்டாள்.

அவள் மேலங்கிப் பையைக் கையால் மூடிக்கொண்டாள். வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"என்ன டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! என் நாத்தனார் சொன்னதைத் தாண்டி ஒரு துரும்பை நகர்த்த மாட்டா. நான் பொறுப்பு."

"அப்ப இது பிறவியிலேயே அதிசயம்தான். நாளைக்கு வயித்தத் திறந்து முழுசாப் பாத்துடலாம்."

"அப்புறம்... தைச்சுடுவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. அப்புறம் ஆடு இருக்காது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. "உனக்காக எப்படிப் பேசினேன் பாத்தியாடி?"

"அண்ணி..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அதானே. மழை வந்துடுமோன்னு பயந்துட்டேன்."

மறுநாள் ஜன்னல்காரி அறுவை அறை வாசலில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு உள்ளே வர மறுத்தது. "நீ கூப்பிடு, உனக்குத்தான் வரும்," என்றாள் அண்ணி. அறைக்குள் நின்ற இடத்தை விட்டு அவள் அசையவில்லை. கை மட்டும், பழக்க தோஷம், பையைத் தட்டியது. ஜன்னல்காரி தானாக உள்ளே வந்து பையில் மூக்கை வைத்தது.

பிறகு அவளைத் தட்டு பிடிக்கச் சொன்னார்கள். தட்டில் விரித்த உள்சுவர் முழுக்கக் கருத்த மொட்டுகள், சின்னச் சின்ன இலைபோல, நெருக்கிக்கொண்டு நின்றன. அவள் அள்ளிக்கொடுத்த பிடிகள் அத்தனையும் அங்கே முளைத்திருந்தன.

"பாரு, பாரு!" என்றாள் டாக்டரம்மா, குழந்தைபோல. "இதோட குட்டி இருக்குல்ல? பரம்பரையான்னு தெரியணும். அடுத்த வாரம் அதையும் திறந்துடலாம்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"வேணாம். நான்தான் சோளம் போட்டேன். இதுக்கு மட்டும். குட்டிக்குப் போடல."

அண்ணி குழாயை மூடாமல் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"நேத்து உன்னைத்தானே கேட்டேன்?"

அண்ணி கழுவிய குடுவையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலத் தீனியை வெச்சுட்டுப் போ. நாளையிலேருந்து வேற ஆள் வரும்."

மாலையில் அவள் புல்லை உதறிப் போட்டாள். மேலங்கியைக் கழற்றி, பைகளை வெளியே இழுத்து உதறினாள். தையலோரம் ஒட்டியிருந்த குருணை கொஞ்சம் கீழே சிந்தியது. சத்தம் கேட்டு ஜன்னல்காரியின் குட்டி வந்து கம்பிக்கு நடுவில் மூக்கை நீட்டியது.

அவள் குனிந்து, அதன் வாய்க்கு எட்டுவதற்குள் ஒரு மணி விடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.